டெங்கு வந்து போன பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறை மருமகள்:
வயது 31. பொள்ளாச்சிப் பக்கமிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். மூன்று மாதத்துக்கு முன் டெங்குவில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது தலை சீவினால் சீப்பு நிறைய முடி. மாமியார் நீலிபிருங்காதி மூலிகை எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார், அம்மா சின்ன வெங்காயச் சாறு என்கிறார், வீட்டுக்காரருக்கு எல்லாப் பழியும் போர் தண்ணீர் மேல்தான். எகிப்துக்காரர்களே இதற்கு மருந்து எழுதி வைத்திருந்தார்களாமே? உலகத்தில் யாராவது உருப்படியான வழி கண்டுபிடித்தார்களா?

மருந்துக்கடை வழுக்கை:
தங்கச்சி, பாலக்காட்டுச் சித்தூரில் அங்காடி மருந்துக் கடை, அதாவது நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. எனக்கு 34 வயதிலேயே உச்சி காலி. முடி எண்ணெய் கேட்டு வருகிறவர்கள் முதலில் என் தலையைத்தான் பார்ப்பார்கள்.

எகிப்து கதை உண்மைதான். கி.மு. 1550 வாக்கில் எழுதிய ஈபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடியில் வழுக்கைக்குச் சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, வரையாடு என்று ஆறு கொழுப்பையும் கலந்து பூசச் சொல்லியிருக்கிறது. நல்லவேளை, என் கடையில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஜூலியஸ் சீசர் பின்முடியை முன்னால் இழுத்துச் சீவி, மேலே இலைக் கிரீடத்தையும் வைத்து மறைத்தார். எனக்குப் பிடித்தது கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ். காயடிக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழாது என்று கவனித்து எழுதி வைத்தார். ஆண் ஹார்மோன்தான் காரணம் என்று ஹாமில்டன் என்ற அமெரிக்கர் காட்டியது 1942இல். அந்த மருந்து எனக்கு வேண்டாம், வழுக்கையே போதும்.

நீலிபிருங்காதிக்கு வருவோம். பாட்டி வீட்டிலேயே காய்ச்சுவார். அவுரி, கையுண்ணி (கரிசலாங்கண்ணி), நெல்லிக்காய்ச் சாற்றோடு தேங்காய்ப்பால், ஆட்டுப்பால், எருமைப்பால் எல்லாம் சேரும். உருளி அடியில் தங்கும் கல்கத்தை, அதாவது அரைத்துப் போட்ட மூலிகை விழுதை, கரண்டியில் எடுத்து விரலிடுக்கில் உருட்டுவார். மெழுகு மாதிரித் திரிந்து வந்தால் அதை விளக்கில் காட்டுவார். சடசடவென்று பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, அடுப்பை அணைக்கக் கூடாது. சத்தமே இல்லாமல் எரிந்தால்தான் இறக்குவார். அந்த எண்ணெயைத்தான் பிறந்ததிலிருந்து தேய்த்தேன். விளைவு மேலே சொன்னதுதான்.

உங்கள் விஷயம் வேறு. கடும் காய்ச்சலோ பிரசவமோ வந்தால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். வேர் சாவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்று தானாக முளைக்கும். அந்த நேரத்தில் தலையில் எது இருக்கிறதோ அதற்குத்தான் பேர். கடைக்காரன் நான் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

வாளையார் அண்ணன்:
போர் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், உடைக்கும். வேரோடு கொட்டுவதற்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் மினாக்சிடில் என்ற மருந்து பலன் கொடுத்தது. முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தது, சாப்பிட்டவர்களுக்குக் கை கால் எல்லாம் முடி முளைத்ததால் தலைக்குப் போடும் மருந்தாக்கி 1988இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். நிறுத்தினால் வந்தது போய்விடும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:
அப்போ வெங்காயம்?

மருந்துக்கடை வழுக்கை:
அது புழுவெட்டுக்கு, ரூபாய் வட்டமாக ஒரே இடத்தில் கொட்டுமே, அதற்கு. 2002இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில் அதற்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. உங்களுக்கு நாற்றம்தான் மிஞ்சும். இன்னொன்று, கருமுடிக்கென்று சீனாக்காரர்கள் சாப்பிடும் ஹெ ஷோ வூ வேரை ஆன்லைனில் வாங்கிவிடாதீர்கள். கல்லீரலைக் கெடுத்த கேஸ்கள் நிறைய. இரும்புச்சத்தும் தைராய்டும் மட்டும் ஒருமுறை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:
நன்றி அண்ணா. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "வழுக்கைத் தலையன் பேச்சைக் கேட்டா முடி வளர்ப்பாங்க?" என்றார். நாளை காலை லேபுக்குப் போகிறேன், தலையில் எண்ணெயோடுதான்.