பால்சா டெக்கில் ஹாட்ச் பதிக்க எந்த சீலன்ட்?

வாடைக்காற்று:
1980களில் கட்டிய 32 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு. முன் கேபினுக்கு மேல் இருந்த பழைய ஹாட்சை (டெக்கில் உள்ள மூடியிட்ட திறப்பு) கழற்றியாயிற்று. புதியது சுமார் 500 மி.மீ. சதுரம். ஆனோடைஸ் செய்த அலுமினியச் சட்டம், அக்ரிலிக் மூடி. சட்டத்தின் விளிம்பு 30 மி.மீ. அகலம், அதில் 16 ஸ்க்ரூ துளைகள்.

டெக்கின் மேல் ஃபைபர்கிளாஸ் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவில் 12 மி.மீ. பால்சா (லேசான மரம்). வெட்டிய ஓரத்தில் மரம் அப்படியே வெளியே தெரிகிறது. இரண்டு பழைய துளைகளைச் சுற்றி மரம் பழுப்பாக, ஈரமாக இருக்கிறது. பழைய ஹாட்சை சிலிக்கான் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

கடையில் கிடைப்பவை: 3எம் 5200, 3எம் 4200, சிகாஃப்ளெக்ஸ் 291ஐ (291i), பாலிசல்ஃபைடு, மரைன் சிலிக்கான், பியூட்டைல் டேப். எதை எடுப்பது? ஒரு டியூப் போதுமா?

மாலுமி_தச்சன்:
சீலன்ட் வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முதலில் அந்த பால்சாவைக் கவனியுங்கள். எந்த சீலன்டும் ஒருநாள் எங்காவது விட்டுக்கொடுக்கும். அப்போது தண்ணீர் கேபினுக்குள் சொட்டினால் கண்ணில் படும். ஸ்க்ரூ வழியே பால்சாவுக்குள் இறங்கினால் வருடக்கணக்கில் தெரியாது; டெக் மிதித்தால் அமுங்கும்போதுதான் தெரியும்.

ஓரத்திலிருந்து 25 மி.மீ. ஆழத்துக்கு பால்சாவைச் சுரண்டி எடுங்கள். வளைத்த ஆணி அல்லது பழைய ஆலன் கீயை டிரில்லில் மாட்டினால் இரண்டு தோல்களுக்கு நடுவில் சுத்தமாகக் குடையும். 25 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் விளிம்பு 30 மி.மீ. என்றால் ஸ்க்ரூ வரிசை வெட்டோரத்திலிருந்து 15 மி.மீ. தூரத்தில் விழும். அந்த வரிசை முழுவதும் எபாக்ஸிக்குள் அடங்கிவிட்டால் ஒவ்வொரு துளையையும் தனியாக அடைக்க வேண்டியதில்லை. பழுப்பான இடங்களில் காய்ந்த வெளிர் மரம் தெரியும்வரை இன்னும் உள்ளே போக வேண்டும்.

கணக்கு: சுற்றளவு 2 மீட்டர் × 25 மி.மீ. × 12 மி.மீ. = 600 மி.லி. எபாக்ஸி. வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினுடன் 206 மெது ஹார்டனர் சரியாக இருக்கும். முதலில் கெட்டியாக்காத எபாக்ஸியைத் தூரிகையால் மரத்தில் தடவுங்கள்; மரம் குடிக்கட்டும். பிறகு 406 சிலிக்கா தூள் சேர்த்து, கத்தியில் எடுத்தால் வழியாத பதத்துக்குக் கலந்து அடையுங்கள். ஒரே தடவையில் 600 மி.லி. கலக்காதீர்கள். கிண்ணத்திலேயே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். 150 மி.லி. வீதம் நான்கு தடவை கலக்கலாம்.

இறுகிய பின் மேலே மெழுகு போல ஒரு படலம் நிற்கும். அதை வெறும் தண்ணீரும் ஸ்காட்ச்பிரைட்டும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் 80 நம்பர் உப்புத்தாள் தேய்க்க வேண்டும். படலத்தின் மேல் சீலன்ட் பிடிக்காது.

சீலன்டுக்கு வருவோம். சட்டத்தை டெக்கில் பிடித்து வைப்பது ஸ்க்ரூ. சீலன்ட் செய்யும் வேலை கேஸ்கெட்டின் வேலை மட்டுமே. அதனால் 5200 வேண்டாம். அது நிரந்தரப் பசை. பின்னாளில் கழற்றினால் ஜெல்கோட்டையும் (டெக்கின் வெளிப்பூச்சு) பெயர்த்துக்கொண்டு வரும். சிலிக்கானும் வேண்டாம், அது விட்டுப்போன இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. 291ஐ அல்லது 4200 எடுங்கள். இரண்டும் பாலியூரித்தேன், பிடிப்பு அளவானது, கத்தியும் நிதானமும் இருந்தால் கழற்றிவிடலாம்.

பாலிசல்ஃபைடும் அலுமினியத்துக்கும் ஜெல்கோட்டுக்கும் நல்லதுதான். ஆனால் அக்ரிலிக்கில் பட்டால் அதைக் கெடுக்கும். மூடி இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அந்த வம்பு தேவையில்லை.

பியூட்டைல்_பிரியன்:
பாலியூரித்தேனே தேவையில்லை என்பது என் கருத்து. நல்ல பியூட்டைல் டேப் இறுகவே இறுகாது, பல வருடம் மென்மையாகவே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். ஓரத்தில் பிதுங்கினால் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி எடுத்தால் போதும், கையெல்லாம் அப்பாது. ஸ்க்ரூ துளையின் வாயை மட்டும் கவுன்டர்சிங்க் செய்து (சாய்வாக அகலப்படுத்தி), ஸ்க்ரூவின் கழுத்தில் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இறுக்கும்போது அந்தக் குழியில் அது ஓ-ரிங் மாதிரி உட்காரும். உங்களுக்கு இரண்டு வரிசைக்கு 4.5 மீட்டர் வேண்டும்.

மாலுமி_தச்சன்:
கிளீட் (கயிறு கட்டும் கொம்பு), ஸ்டான்ஷன் (டெக் ஓரத் தூண்) அடித்தட்டு போன்றவற்றுக்கு நானும் பியூட்டைலைத்தான் சொல்வேன். ஹாட்சுக்குத் தயங்குவேன். இங்கே ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ சுமார் 13 செ.மீ. இடைவெளி. பியூட்டைல் கெட்டியானது, மெதுவாகத்தான் பிதுங்கும். அவசரமாக இறுக்கினால் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் சட்டம் தாழ்ந்து, நடுவில் மேடாக நிற்கும். சட்டம் அலைஅலையாக வளைந்தால் மூடியின் ரப்பர் கேஸ்கெட் உட்காராது. டெக்கில் ஒழுகாத ஹாட்ச் மூடியில் ஒழுகும். போடுவதானால் நல்ல வெயில் நேரத்தில், மூன்று நான்கு நாள் பிரித்து, தினம் கால் சுற்று வீதம் இறுக்க வேண்டும். கவுன்டர்சிங்க் யோசனை மட்டும் எந்த சீலன்டுக்கும் பொருந்தும், கட்டாயம் செய்யுங்கள்.

பியூட்டைல்_பிரியன்:
மெல்லிய சட்டமென்றால் ஒத்துக்கொள்கிறேன். கனமான வார்ப்புச் சட்டமாக இருந்தால் வளையாது.

நங்கூரம்:
இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

ஒன்று, பழைய சிலிக்கான். எடுத்த எடுப்பில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது; சிலிக்கான் கீறலுக்குள் இழுபட்டுப் பரவும். முதலில் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், அடுத்து சிலிக்கான் ரிமூவர், கடைசியில்தான் தாள். பிறகு அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் சிலிக்கான் இருக்கிறது.

இரண்டு, துடைக்கும் திரவம். பாலியூரித்தேன் இறுகும் முன் அதன்மேல் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் படக் கூடாது. இறுகுவதே நின்றுபோய், கடைசிவரை பிசுபிசுவென்றே கிடக்கும். பிதுங்கியதைத் துடைக்க வைட் ஸ்பிரிட் எடுங்கள். அசிட்டோனும் ஆல்கஹாலும் அக்ரிலிக் மூடியில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும், மூடியைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

வாடைக்காற்று:
நன்றி. 291ஐ என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். டெக் வளைவாக இருக்கிறது, சட்டத்தை வைத்துப் பார்த்தால் நடுவில் தொடுகிறது, இரு ஓரத்திலும் 3 மி.மீ. தூக்கி நிற்கிறது. சீலன்டை அதிகமாகப் போட்டு நிரப்பலாமா? பாதி இறுக்கிவிட்டு மறுநாள் மீதியை இறுக்கச் சொல்கிறார்களே, அது சரியா?

மாலுமி_தச்சன்:
3 மி.மீ. இடைவெளியை சீலன்டால் நிரப்பாதீர்கள். ஸ்க்ரூ சட்டத்தை டெக்கின் வளைவுக்கு இழுத்துவிடும். சட்டத்தின் அடியில் பேக்கிங் டேப் ஒட்டுங்கள், அதில் எபாக்ஸி ஒட்டாது. டெக்கில் கெட்டி எபாக்ஸியை வரிசையாக வைத்து, சட்டத்தை அதன் சொந்த எடையில் உட்காரவிடுங்கள், இறுக்க வேண்டாம். இறுகியதும் சட்டத்தைத் தூக்கினால் அதற்கேற்ற சமதளம் கிடைக்கும். கழுவி, தேய்த்து, பிறகு சீலன்ட்.

மறுநாள் இறுக்குவது, கீழே நட்டு உள்ள போல்ட்டுக்குச் சரி: போல்ட்டை அசைக்காமல் நட்டை மட்டும் திருப்பலாம். உங்களுடையது எபாக்ஸியில் நேராக ஏறும் ஸ்க்ரூ. மறுநாள் திருப்பினால் கழுத்தைச் சுற்றி இறுகிய சீலன்ட் அறுந்துவிடும். ஒரே தடவையில் முடியுங்கள். சீலன்ட் முழுவதும் பிதுங்கிப் போகாதிருக்க, விளிம்பின் உள்வரியில் 1.5 மி.மீ. கனமுள்ள நைலான் வாஷர்களை ஆறேழு இடத்தில் வையுங்கள்.

துளைகளுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் 6 மி.மீ. பருமன். மொத்தம் 120 மி.லி. போல ஆகும். 300 மி.லி. கார்ட்ரிஜ் ஒன்று தாராளம். வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்கள். கார்ட்ரிஜ் கட்டிதட்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் டெஃப்ஜெல் (அரிப்பைத் தடுக்கும் களிம்பு) தடவுங்கள், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரிக்கும். எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்குங்கள், மூடியைச் சாத்தி வைத்தபடியே.

நங்கூரம்:
ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். முதலில் சட்டத்தைச் சுற்றி டெக்கில் மட்டும் பத்து நிமிடம், உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்கட்டும். அது தாங்கினால்தான் மூடியின் மேல் அடிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக அடித்தால் ஒழுகுவது எது என்று பிரிக்க முடியாது. மூடியில் ஒழுகினால் ரப்பர் மேல் சாக்பீஸ் தேய்த்துச் சாத்தித் திறங்கள். கோடு படியாத இடத்தில்தான் சட்டம் வளைந்திருக்கிறது.