ஒரே ரூம், ரெண்டு மிஸ், குளிரு வேற: டைம்டேபிள எப்படிப் போடறது?

கொழுந்து_டீச்சர் (கோத்தகிரி):
எல்லாருக்கும் வணக்கம். ப்ரீ கேஜியையும் எல்கேஜியையும் ஒரே ரூம்ல வச்சு நானும் இன்னொரு மிஸ்ஸும் சேர்ந்து பாத்துக்கறோம், 24 பிள்ளைங்க. அவங்க என்னைவிட மூத்தவங்க, தங்கமான குணம், எங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபமும் இல்ல. டைம்டேபிள்ல 9.30 பாட்டு, 10 மணி கதைன்னு இருக்கு ஆனா வேன்ல இருந்து இறக்கி குல்லா ஷூ எல்லாம் கழட்டி வைக்கவே பத்து ஆயிடுது, அப்புறம் குளிருக்கு ஒண்ணு பாத்ரூம்னு எந்திரிச்சா பின்னாடியே பத்து எந்திரிக்குது, நாங்க ரெண்டு பேருமே அங்க போய் நிக்கறோம், ரூம்ல பெரியவங்க யாரும் இல்ல. எனக்கு இதுதான் ரொம்ப பயமா இருக்கு. வெளில விளையாட விடறது 2 மணின்னு போட்டிருக்காங்க, மேகம் இறங்கறதும் அப்பதான். எப்படி மாத்தறது?

கொடை_மலர்:
மிஸ், முதல்ல அந்த 2 மணிய எடுத்துடுங்க. எங்க கொடைக்கானல்லயும் மத்தியானத்துக்கு மேல மிஸ்ட் நம்பவே முடியாது, புல்லுல ஈரம் காஞ்சதும் பத்தரை பதினொண்ணுக்கு வெளில விட்டுடுவோம், உள்ள செய்யறதெல்லாம் மத்தியானம்.

அடுத்தது, டைம்டேபிள்ல 'என்ன'ன்னு மட்டும் எழுதாதீங்க, 'யாரு'ன்னு எழுதுங்க. கதை நேரம்னா ஒருத்தர் கதை, இன்னொருத்தர் பாத்ரூம், அழற பிள்ளை, மூக்கு துடைக்கறது எல்லாம். கதை சொல்ற மிஸ் என்ன ஆனாலும் எந்திரிக்கக் கூடாது. ஒரு வாரம் அவங்க முன்னாடி நிக்கட்டும், அடுத்த வாரம் நீங்க, இல்லைன்னா ஒருத்தர் டீச்சர் ஒருத்தர் ஆயான்னு பிள்ளைங்களே முடிவு பண்ணிடும். ஸ்வெட்டர் போடறதயும் ஒரு பாடமாவே வைங்க! பட்டன் போட, ஷூவ வலது இடது பாத்து மாட்ட நாலு வயசுப் பிள்ளை தானா கத்துக்கும், நேரம் ஆகும், ஆகட்டும், அதுக்குன்னு ஒரு இருபது நிமிஷம் எழுதியே வச்சிடுங்க.

இன்னொண்ணு, சின்னப் பிள்ளைங்களுக்குன்னு தனி கல்வி முறைய உண்டாக்கின மான்டிசோரி அம்மா 1939ல சென்னை அடையாறுக்கு வந்தாங்க, அப்புறம் 1942லேர்ந்து 44 வரை எங்க ஊர்லதான் இருந்தாங்க. அவங்க முறைல மூணுல இருந்து ஆறு வயசு வரை கலந்துதான் உக்காருவாங்க, காலைல மூணு மணி நேரம் மணியே அடிக்காம விடுவாங்க. உங்க ரூம்லயும் வயசு கலந்துதான இருக்கு, அரை மணிக்கு ஒருக்கா மாத்தாம நீளமா ஒரு நேரம் விட்டுப் பாருங்க, மாத்தற தடவை குறைஞ்சாலே பாதி களேபரம் அடங்கிடும்.

மழைக்காடு (கூடலூர்):
நான் அங்கன்வாடி பணியாளர். எங்களுக்கு பேர்ல ரெண்டு பேரு, ஆனா உதவியாளர் அக்கா காலைல சமையல்ல இருப்பாங்க, அதனால அதுவரைக்கும் நான் ஒரே ஆள்னு நினைச்சுத்தான் திட்டம் போடுவேன். பாட்டு, ஆட்டம்னு எல்லாரும் சேர்ந்து செய்யறது அப்ப, களிமண் கத்தரிக்கோல்லாம் அவங்க கை ஓய்ஞ்ச அப்புறம். இங்க ஜூன்ல பிடிச்சா ஆகஸ்ட் வரைக்கும் மழை, வெளி விளையாட்டுங்கறதே இருக்காது, அதனால மழை நாள் டைம்டேபிள்னு தனியா ஒண்ணு செவுத்துல ஒட்டியிருக்கேன். உங்களுக்கு ஐப்பசி கார்த்திகைல அது வேணும், இப்பவே எழுதி வச்சிடுங்க மிஸ்.

நாக்கு_பெட்டா:
24 பேருக்கு ரெண்டு பேரா? தேசிய குழந்தைகள் உரிமை ஆணையத்தோட ப்ளே ஸ்கூல் வழிகாட்டுதல்ல 20 பிள்ளைக்கு ஒரு டீச்சர், ஒரு பராமரிப்பாளர், நாளைக்கு மூணுல இருந்து நாலு மணி நேரம்னு இருக்கு. மத்தியானம் 2 மணிக்கு அதுங்க இன்னும் ஸ்கூல்லயே இருக்குங்கறதே எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு, மேனேஜ்மென்ட்கிட்ட இத எடுத்துச் சொல்லுங்க. உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது படுகு, அதான் நம்ம நீலகிரி படுகர் வீட்ல பேசற மொழி, தெரியுமா? தெரிஞ்சவங்க காலைல வாசல்ல நிக்கட்டும், புதுசா வர்ற பிள்ளை வீட்டு பேச்ச கேட்டா அழுகைய நிறுத்திடும்.

கொழுந்து_டீச்சர்:
அந்த மிஸ்ஸுக்குப் படுகு தெரியும்! எனக்கு இது தோணவே இல்ல, ரொம்ப நன்றி. நேரத்த பத்தி ஹெச்எம் கிட்ட கேக்கணும், தேயிலை எடுக்கப் போற அம்மாங்க சாயங்காலம்தான் வருவாங்க, சீக்கிரம் விட்டா பிள்ளைய யாரு கூப்பிடறது, அதையும் யோசிக்கணும். @கொடை_மலர் அக்கா, ரெண்டு மிஸ்ஸும் உக்காந்து அடுத்த நாளுக்குப் பேசிக்கறது எப்ப? எங்களுக்கு அந்த நேரமே கிடைக்கல.

கொடை_மலர்:
பிள்ளைங்க தூங்கற நேரத்துல, ரூம்லயே, மெதுவா. யாரு இன்னிக்கு சாப்பிடல, யாரு யார கடிச்சா, நாளைக்கு முன்னாடி யாரு. பத்து நிமிஷம் போதும்மா, ஆனா நோட்டுல எழுதிடுங்க, ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் அத வச்சுத்தான் ஓட்டணும்.