விட்டுப் போன அப்பாவுக்கு எழுதலாமா, வேண்டாமா?

தாழ்வாரம்:
எனக்கு 31 வயது. நான்கு வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார். அப்புறம் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. அம்மா தனியாளாக வளர்த்தார். போன மாதம் உறவினர் ஒருவர் அப்பாவின் முகவரியை எழுதி, தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தார். அன்றிலிருந்து அது என் கைப்பையில்தான் இருக்கிறது. மடிப்பில் எழுத்து தேய ஆரம்பித்துவிட்டது.

நான் தொடர்ந்து மூன்று தடவை தும்மினால் அம்மாவின் முகம் ஒரு நொடி மாறும். அப்பாவும் அப்படித்தான் தும்முவாராம். முகவரி கிடைத்ததை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எழுதலாமா?

கருவேலன்:
வேண்டாம் சகோதரி. இத்தனை வருடம் முகவரி தெரியாமல் இருந்தது உங்களுக்குத்தான். அவருக்கு உங்கள் வீடு தெரியும்.

அனுபவத்தில் சொல்கிறேன். 24 வயதில் நான் சொல்லாமல் கொள்ளாமல் என் அப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தவர் "யார் வேணும்?" என்றார். பெயரைச் சொன்னேன். உடனே வெளியே வந்து, கதவைப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டார், உள்ளே யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். அந்தக் கதவுச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நீரோட்டம்:
கருவேலன், நீங்கள் பட்டது பெரிய வலி. ஆனால் வாசலில் போய் நிற்பது வேறு, கடிதம் எழுதுவது வேறு. திடீரென்று முன்னால் நிற்கும்போது எவருக்கும் முதலில் வருவது பயம்தான். கடிதம் என்றால் படித்துவிட்டு அழலாம், யோசிக்கலாம், ஒரு மாதம் கழித்தும் பதில் போடலாம்.

உடம்பு சம்பந்தப்பட்ட காரணமும் இருக்கிறது. நம் மரபணுவில் பாதி அவருடையது. அப்பாவுக்கு 55 வயதுக்குள், அம்மாவுக்கு 65 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்து கூடும் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வழிவிடும் மரபணு மாற்றம் அம்மா வழியில் மட்டுமே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பாவிடம் இருந்தாலும் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 1989-இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7-வது பிரிவே, முடிந்தவரை தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது.

கருவேலன்:
அந்தப் பிரிவை முழுதாகச் சொல்லுங்கள். அறியும் உரிமையோடு அவர்களால் வளர்க்கப்படும் உரிமையும் அதிலேயே இருக்கிறது. அந்த இரண்டாவதை அவர் பறித்துவிட்டார். அறிவதால் உறவு வந்துவிடாது. நோய் விவரம் வேண்டுமென்றால் அவர் பக்கத்து உறவினரிடம் கேட்கலாமே. பலர் நோயைச் சாக்காக வைத்துக்கொண்டு பாசத்தைத் தேடிப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

நீரோட்டம்:
பாசத்தைத் தேடினால்தான் என்ன? போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். ஆள் செத்துப்போகவில்லை, கூடவும் இல்லை. அதனால் அழுது முடிக்கவும் வழியில்லை. இவருக்கு நடந்திருப்பதும் அதுதான்.

கருவேலன்:
அவரே, இந்த மாதிரி இழப்புக்கு முற்றுப்புள்ளி தேடாதீர்கள், அதோடு வாழப் பழகுங்கள் என்றுதான் சொல்கிறார். நான் சொல்வதும் அதுவே.

வடதிசை:
நான் அந்தப் பக்கத்து ஆள், விட்டுப் போன அப்பா. திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். முதல் வருடம் கோபத்தில் பேசவில்லை. அப்புறம் வெட்கம். ஒவ்வொரு வருடமும் 'இனி எந்த முகத்தோடு?' என்று தள்ளிப் போட்டேன். மகள் எழுதினாள். பதில் போட எனக்கு ஐந்து மாதம் ஆனது. எழுதி எழுதிக் கிழித்தேன். அந்த ஐந்து மாதமும் அவள் என்ன நினைத்திருப்பாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கருவேலன்:
ஐயா, வெட்கம் உங்களுடையது. அதற்குக் காத்திருக்க வேண்டியது மட்டும் பிள்ளையா?

வடதிசை:
இல்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொல்லைப்புறம்:
தனியாகப் பிள்ளை வளர்த்தவளாக ஒன்று சொல்கிறேன் மகளே. என் மகனும் தேடிப் போனான். போனது எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதை மூன்றாவது மனுஷர் வாயால் கேட்டேன் பார், அதுதான் தாங்கவில்லை. அம்மாவிடம் அனுமதி கேட்காதே, உனக்கு 31 வயது. ஆனால் சொல்லிவிடு.

நீரோட்டம்:
ஆமாம், முதலில் அதுதான். எழுதுவதானால் ஒரு பக்கம் போதும். நான் இன்னார், எனக்குத் தெரிய வேண்டியது இது, பதில் போட விரும்பாவிட்டால் மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன். 'ஏன் போனீர்கள்' என்ற கேள்வி முதல் கடிதத்தில் வேண்டாம். சமூக வலைதளத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதாதீர்கள், அவர் வீட்டில் உங்களைப் பற்றித் தெரியாமலிருக்கலாம். பதிலே வராவிட்டால் அன்றைக்கு யாரிடம் பேசுவீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். வடதிசை ஐயா சொன்ன ஐந்து மாதத்தை மனதில் வையுங்கள்.

தாழ்வாரம்:
நேற்றிரவு அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவரோட அப்பா 48 வயசுல மாரடைப்புல போனார். அவருக்கும் அந்தத் தொந்தரவு இருக்கான்னு கேட்டு எழுது" என்றார். இத்தனை வருடத்தில் அவரைப் பற்றி அம்மா தானாகச் சொன்ன முதல் விஷயம் இதுதான். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்து அழிகிறதே என்று முகவரியை வேறொரு தாளில் எடுத்து எழுதிக் கொடுத்தார். கடிதம் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

கருவேலன்:
நான் இன்னும் வேண்டாம் என்கிற பக்கம்தான். எழுதினாலும் அவர் வாசலுக்கு மட்டும் போய்விடாதீர்கள் சகோதரி.