ஒரு மீட்டர், ஆறு வீடு: யூனிட் விலையை வீட்டுக்காரர் தீர்மானிக்கலாமா?

ஹட்டன்_வாடகை:
டவுனில் ஒரு மாடிக் கட்டிடத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே கடை, மேலே ஆறு வீடு. இலங்கை மின்சார சபையின் மீட்டர் ஒன்றுதான், அதுவும் வீட்டுக்காரர் பெயரில், வீட்டுப் பாவனை வகையில். எங்கள் வாசல்களில் இருப்பது அவர் கடையில் வாங்கி மாட்டிய சப் மீட்டர்கள். மாத முடிவில் அவரே பார்த்து, எல்லோரிடமும் யூனிட்டுக்கு ஒரே விலை வாங்குகிறார். பாவனை கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும் சபையின் பில்லில், அது 180க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு வரும் உச்ச விலை. வீட்டில் நானும் அம்மாவும்தான், மாதம் 50 யூனிட்டைத் தாண்டுவதில்லை. தனி மீட்டர் இருந்தால் 60க்குள் பாவிப்பவர்களுக்கான குறைந்த விலை கிடைத்திருக்கும். இது நியாயமா? அதைவிட, இது சட்டப்படி சரியா?

படிக்கட்டு_வீடு:
நானும் வாடகைக்கு விட்டிருப்பவன்தான், நுவரெலியாப் பக்கம். ஏசுகிறவர்கள் இதையும் கேட்டுவிட்டு ஏசுங்கள். முன்பு ஒரு வீட்டுக்குத் தனி மீட்டர் எடுத்துக் கொடுத்தேன். குடியிருந்தவர் பில் கட்டாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார். கணக்கு என் பெயரில், கரண்டை வெட்டுவோம் என்ற சிவப்பு நோட்டீஸும் எனக்கு, மறுபடி இணைக்கும் கட்டணமும் என் தலையில். ஒரே மீட்டர் என்றால் பில்லை நான் கட்டிவிடுவேன், ஒருவருக்கும் கரண்ட் போகாது. பள்ளத்திலிருந்து மேல் டாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் படிக்கட்டு பல்ப்களையும் யார் கணக்கில் எழுதுவது? யூனிட் விலையில் நான் வைப்பது அதற்குத்தான்.

கண்டி_தொடர்மாடி:
மோட்டாரைக் காட்டியே எல்லாவற்றையும் மூடிவிடுகிறீர்கள். நாங்கள் இருப்பது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி பதிவான தொடர்மாடி. ஒவ்வொரு வீட்டுக்கும் சபையின் மீட்டர் உண்டு. லிப்ட், மோட்டார், வாசல் விளக்கு எல்லாம் பொது மீட்டரில். அந்தப் பில்லைப் பராமரிப்புக் காசில் கட்டுகிறோம், பில்லும் நோட்டீஸ் போர்டில் தொங்கும். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இப்போது ஹட்டன் தம்பியின் கட்டிடக் கணக்குக்கு வருகிறேன். ஆறு வீட்டிலும் தலா 70 யூனிட் என்று வைப்போம், மொத்தம் 420. தனித்தனி மீட்டர் என்றால் ஒருவரும் 61-90 படியைத் தாண்டப் போவதில்லை. ஒரே மீட்டரில் என்ன நடக்கிறது? 60, 90, 120, 180 என்று படிகளை ஒரு தடவைதான் ஏறலாம். முதல் 180 யூனிட் அதில் தீர்ந்துவிடும், மிச்சம் 240ம் உச்ச விலையில். ஆறு குடும்பமும் சேர்ந்து ஒரு பணக்கார வீட்டின் பில்லைக் கட்டுகிறது. அதற்கு மேல், முதல் 180க்கு சபை வீட்டுக்காரரிடம் குறைந்த விலைதான் வாங்குகிறது. அவர் 420க்கும் உச்ச விலை வாங்குகிறார். அந்த வித்தியாசம் முழுவதையுமா மோட்டார் குடிக்கிறது?

படிக்கட்டு_வீடு:
ஒவ்வொரு மீட்டருக்கும் மாதா மாதம் வரும் நிலையான கட்டணத்தை மறந்துவிட்டீர்கள். ஆறு மீட்டர் என்றால் ஆறு நிலையான கட்டணம். எனக்கு ஒன்றுதான்.

கண்டி_தொடர்மாடி:
மறக்கவில்லை. அந்தக் கட்டணமும் பாவனைப் படியைப் பார்த்துத்தான் வருகிறது. 50 யூனிட் பாவிக்கும் அம்மாவுக்கும் 420 யூனிட் மீட்டருக்கும் ஒரே தொகை இல்லை. மோட்டாருக்கு ஒரு சப் மீட்டர் போடுங்கள், முழுப் பில்லையும் ஆறு வீட்டுக்கும் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

பழைய_ரீடர்:
மீட்டர் வாசித்தே தலை நரைத்தவன் நான். தம்பி சட்டம் கேட்டிருந்தார், யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம், மின்சாரத்தை விநியோகித்து வழங்க அனுமதிப்பத்திரமோ விலக்கோ வேண்டும் என்றது. 2024இல் சபையைப் பிரிக்கப் புதுச் சட்டம் வந்தது, ஆனால் நினைத்தவர் நினைத்த விலைக்கு கரண்ட் விற்கலாம் என்று அதிலும் இல்லை. கட்டண விடயத்தைப் பார்ப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. உங்கள் வீட்டுக்காரர் "விற்கவில்லை, பங்கு போடுகிறேன்" என்பார். பில்லைப் பங்கு போடுவது ஒன்று, பில்லுக்கு மேல் வாங்குவது வேறு.

ஆனால் தம்பி, முறைப்பாடு கொடுக்கப் போனால் முதல் கேள்வியே கணக்கு இலக்கம் என்ன என்பதுதான். உங்களிடம் அது இல்லை. சபையைப் பொறுத்தவரை அந்தக் கட்டிடத்தில் வாடிக்கையாளர் ஒருவர்தான், அது நீங்கள் இல்லை.

கீழே கடை இருக்கிறது என்றீர்களே, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கடைக்கு 'பொது நோக்கம்' என்ற வகை தனியாக இருக்கிறது. வீட்டு மீட்டரில் கடை ஓடுகிறது என்று பரிசோதனையில் தெரிந்தால், ஆறு வீடு இருந்தாலும் வகையை மாற்றிவிடலாம். அப்போது வீட்டுப் படிகளின் சலுகை ஒருவருக்கும் கிடைக்காது.

இன்னொன்று. சபையின் ரீடர் 30 நாளுக்குப் பதில் 34ஆம் நாள் வந்தாலும், நாள் கணக்கைப் பார்த்து ஒவ்வொரு படியின் யூனிட் அளவையும் விரித்துத்தான் பில் போடப்படும். சப் மீட்டரில் அந்தப் பாதுகாப்பு ஏது? வீட்டுக்காரர் நினைத்த நாளில் வந்து பார்ப்பார்.

படிக்கட்டு_வீடு:
ஐயா சொல்வது சரி, கடைக்குத் தனி மீட்டர் வேண்டும்தான். என்னிடம் கடை இல்லை. வயரிங்கையும் கொஞ்சம் யோசியுங்கள். இங்கே விடியற்காலைக் குளிரில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்க ஹீட்டர் போடுவார்கள். ஒரு ஹீட்டர் மூன்றரை கிலோவாட், ஆறு வீட்டில் 21. மூன்று பேஸ் 30 ஆம்பியர் இணைப்பு 230 வோல்ட்டில் தாங்குவது 20.7. ட்ரிப் ஆகும். அடுத்தது 60 ஆம்பியர். அதுவும் போதாமல் 42 கேவிஏயைத் தாண்டினால், பெரிய பாவனையாளருக்கான 'மொத்த இணைப்பு', ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம். தனி மீட்டர் வேண்டும் என்று எழுதுவது சுலபம், வயரை இழுக்கிறவனுக்குத்தான் செலவு தெரியும்.

ஹட்டன்_வாடகை:
அண்ணே, நீங்கள் சொல்வது தனி மீட்டருக்கான நியாயம் அல்லவா? ஆறு வீட்டுக்கும் ஆளுக்கு 30 ஆம்பியர் இணைப்பு இருந்தால் ஒருவர் ஹீட்டருக்காக மற்றவர் டிவி நிற்காது. எங்கள் கட்டிடத்தில் இப்போது நடப்பதே அதுதான். மாடிவீட்டு அக்கா குளித்தால் எனக்கு லைட் மங்கும்.

நோர்வூட்_பையன்:
நீங்களெல்லாம் சப் மீட்டருக்காவது சண்டை பிடிக்கிறீர்கள். எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சில காம்பராவுக்கு (ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு) மீட்டரே இல்லை, பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து, மாதம் இவ்வளவு என்று பேசிக் கொடுப்பார்கள். மீட்டருக்கு விண்ணப்பித்தால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கேட்கிறார்கள். நிலம் அரசாங்கத்தினுடையது, 1992இலிருந்து கம்பனி கையில். கடிதம் எப்போது வரும் என்பது தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் மனநிலையைப் பொறுத்தது. கூரைக்குள் பழைய வயர் உருகி லயம் எரிந்த செய்தியை எத்தனை முறை பார்த்திருப்போம்? இத்தனைக்கும் காசல்ரீ நீர்த்தேக்கமும் லக்ஷபான மின் நிலையமும் எங்கள் வாசலில்.

பழைய_ரீடர்:
தம்பி, அணைக்கட்டுக் கதையைச் சொல்லிப் பில் குறைந்தவர் யாருமில்லை. ஆனால் வயர் விடயத்தை விடாதீர்கள். இரவல் கரண்டாக இருந்தாலும் உங்கள் காம்பராவுக்குத் தனி ட்ரிப் சுவிட்ச் போடுங்கள், மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். கடிதத்தை எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

படிக்கட்டு_வீடு:
ஹட்டன் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்காரர் தனி மீட்டருக்குச் சம்மதித்தால், இணைப்புச் செலவை யார் போடுவது? நான் போட்டால் வாடகை கூடும், நீங்கள் போட்டால் போகும்போது மீட்டரைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. இரண்டு மாதப் பில் அளவுக்கு முற்பணம் தருகிறவருக்குத் தனி மீட்டர் கொடுக்க நான் தயார். அந்த முற்பணத்தைத் தர எத்தனை பேர் வருவார்கள்?

ஹட்டன்_வாடகை:
நான் வருவேன். 50 யூனிட்டின் இரண்டு மாதப் பில் உங்கள் ஒரு மாத வாடகையில் எவ்வளவு என்று பாருங்கள். எங்கள் வீட்டுக்காரரிடம் இன்று கடையின் மீட்டரைப் பற்றித்தான் முதலில் கேட்கப் போகிறேன். அவர் பில்லைக் காட்டினால் பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்து இங்கே போடுகிறேன், கண்டி அண்ணன் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கட்டும்.