ஆட்டுக்கல்லில் யாரும் கை வைக்க வேண்டாம்

(குழு: தோட்டத்து வீட்டு சொந்தங்கள்)

செந்தில் அண்ணன், காலை 6:52
நேற்று சாயங்காலம் மண்ணைக் கிளறுற ரோட்டவேட்டரைப் பின்னாடி தூக்கிக்கொண்டு கிணத்து மேட்டில் ஏறும்போது டிராக்டர் மூக்கைத் தூக்கிவிட்டது. முன் சக்கரம் ரெண்டும் ஒரு முழம் மேலே. கிளட்சை மிதித்ததால் தப்பித்தேன். முன்னாடி வெயிட் கட்டணும். கம்பெனி வெயிட் விலை கேட்டேன், கட்டுப்படியாகாது. கனமா, சல்லிசா என்ன கிடைக்கும்?

அத்தை
அடி பட்டுச்சா கண்ணு?

செந்தில் அண்ணன்
இல்லீங்க அத்தை

சுமதி அக்கா (திருப்பூர்)
6 அடி ரோட்டவேட்டர் நமக்கு வேண்டாம்னு போன தையிலேயே சொன்னேன்

செந்தில் அண்ணன்
ஆரம்பிச்சாச்சு

ஈரோட்டு மச்சான்
நம்ம பிரபுவைப் பம்பரில் உட்கார வைங்க. செலவே இல்லை

நான்
இப்போ 82 கிலோதான். குறைச்சாச்சு

பெரியப்பா
விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்ல வேண்டாம். பம்பரில் இருந்து தவறி விழுந்தால் நேராக முன் சக்கரத்துக்கு அடியில்தான். செந்தில், விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.
ரோட்டவேட்டர் 400 கிலோ என்று வைத்துக்கொள். பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர். அப்படியானால் முன் சக்கரத்தில் இருந்த பாரத்தில் 300 கிலோ போய்விடும். மேடு ஏறினால் இன்னும் குறையும். முன்னால் 100 கிலோ கட்டினால், அச்சுக்கு அரை மீட்டர் வெளியே தள்ளி இருப்பதால் 125 கிலோ கட்டியதற்குச் சமம். 2 டன் வண்டிக்கு முன் சக்கரத்தில் எப்போதும் 400 கிலோவாவது நிற்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் பேச்சு கேட்காது. உனக்கு 150 கிலோ போதும்.

செந்தில் அண்ணன்
சரிங்க பெரியப்பா. எதுல 150?

ஈரோட்டு மச்சான்
பின் டயரில் தண்ணி நிரப்பு. காசே வேண்டாம்

பெரியப்பா
அது சக்கரம் வழுக்காமல் இருக்கத்தான் மாப்பிள்ளை. பின்னால் பிடிமானம் கூடினால் மூக்கு இன்னும் சுலபமாகத் தூக்கும்.

அத்தை
ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு டிராக்டர் உண்டா இல்லையா? பாத்திரமெல்லாம் கோயிலுக்குப் போகணும்

சுமதி அக்கா (திருப்பூர்)
சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கு அத்தை? போன தடவை மாதிரி ரசம் வேண்டாம்

செந்தில் அண்ணன்
அத்தை அதெல்லாம் வரும். வெயிட்டைச் சொல்லுங்க முதல்ல

நான்
கிணத்தடியில் ஒரு தண்டவாளத் துண்டு கிடக்குதே. கப்பி மாட்டியிருந்தது. ஆறடி இருக்கும்

ரயில்வே மாமா
அதைத் தொடாதே. 1966 சட்டம் தெரியுமா? ரயில்வே பொருளை முறையில்லாமல் வைத்திருந்தால் 5 வருஷம் வரைக்கும் உள்ளே

ஈரோட்டு மச்சான்
அப்பாரு காலத்துல இருந்து அங்கதான் கிடக்குது. அப்போ மாமாவுக்குக் கண்ணு தெரியலையா

ரயில்வே மாமா
அது பழைய மீட்டர் கேஜ் துண்டு. கஜத்துக்கு 60 பவுண்டு. மீட்டருக்கு 30 கிலோதான் வரும். இப்போதைய தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ

ஈரோட்டு மச்சான்
தொடாம எப்படி மாமா எடை தெரிஞ்சுது

பெரியப்பா
சண்டை வேண்டாம். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் 20 கிலோ. காய்ந்த மணல் 32. கான்கிரீட் 48. வார்ப்பு இரும்பு 144. ஈயம் 225க்கு மேல். ஈயம் விலையும் அதிகம், விஷமும்கூட, அந்தப் பக்கமே போகாதே. கோயமுத்தூர் பட்டறைகளில், இரும்புத் தகட்டில் ஓட்டை போடும்போது விழும் பஞ்சிங் துண்டு கழிவாக எடைக்குக் கிடைக்கும், காசு அளவுக்குத் தட்டைத் தட்டையாக. அதைப் பக்கெட்டில் நெருக்கமாகப் போட்டுக் குலுக்கி சிமெண்ட் பால் ஊற்றினால் அதே பக்கெட் 80 கிலோவுக்குக் குறையாது.

சுமதி அக்கா (திருப்பூர்)
பெரியப்பா 👏 காலையிலேயே கிளாஸ்

செந்தில் அண்ணன்
பஞ்சிங் வாங்க கோயமுத்தூர் போய் வந்தா டீசல் யார் தர்றது? வீட்டுப் பின்னாடி உடைஞ்ச ஆட்டுக்கல் இருக்கு. நூறு கிலோ வரும். சங்கிலி போட்டுக் கட்டிடவா?

அத்தை
எந்த ஆட்டுக்கல்

செந்தில் அண்ணன்
அதான் அத்தை, ஓரம் உடைஞ்சது

அத்தை
அது எங்கம்மா ஆட்டின கல்லு. பாகம் பிரிச்சப்போ ஆட்டுக்கல் எனக்குன்னு எல்லார் முன்னாடியும் பேசினது. நிலத்துலதான் கேக்கல

ரயில்வே மாமா
பாக விஷயம் குழுவில் வேண்டாம்

அத்தை
நீங்க தண்டவாளத்தைப் பாருங்கண்ணா

பெரியப்பா
எப்படியும் கல் வேண்டாம் செந்தில். உருண்டைக் கல் சங்கிலியில் நிற்காது, குலுங்கிக் குலுங்கி ரேடியேட்டரில் மோதும். கான்கிரீட்டே போடு. மூன்று பக்கெட், ஒவ்வொன்றும் 50 கிலோ, ரெண்டு பேர் தூக்கிக் கழற்றலாம். அடியில் குறுக்குக் கம்பி கட்டி, அதில் கொக்கியை வெல்டிங் வைத்த பிறகு ஊற்று. வெறும் கொக்கியைச் செருகினால் பிடுங்கிக்கொண்டு வரும். சேற்று உழவுக்கு மறக்காமல் கழற்றிவிடு, மூக்கு புதையும். ஒரு மூட்டை சிமெண்ட்டில் பாதிகூட ஆகாது.

செந்தில் அண்ணன்
எப்போ கட்டலாம்?

பெரியப்பா
7 நாள் தண்ணீர் காட்டணும்.

செந்தில் அண்ணன்
அதுக்குள்ள ஈரம் காஞ்சிடுமே. மக்காச்சோளம் விதைக்கணும்

ஈரோட்டு மச்சான்
சாக்குல மணல். அதுவரைக்கும்

பெரியப்பா
சாக்கு கிழியும். கட்டினாலும் மேட்டில் ஏறாதே, சுற்றிப் போ.

நான்
பக்கெட் இருக்கா அண்ணா?

செந்தில் அண்ணன்
மாடிப்படிக்கு அடியில் மூணு இருக்கு. ஒண்ணுல மட்டும் அடியில் ஏதோ கிடக்கு. வழிச்சு ஊத்திட்டேன்

சுமதி அக்கா (திருப்பூர்)
என்ன கலர்?

செந்தில் அண்ணன்
ஏன்

சுமதி அக்கா (திருப்பூர்)
காதுகுத்துக்கு முன்னாடி திண்ணைக்கு அடிக்க நான் வாங்கி வெச்சது!!! எங்க ஊத்துனே?

செந்தில் அண்ணன்
தென்னைக்கு