வலைப்பந்தாட்டம்: பந்தைப் பிடித்ததும் கால் பிழை வராமல் பழக்குவது எப்படி?

கணித ஆசிரியை:
வணக்கம். எங்கள் பாடசாலையின் 15 வயதுக்குட்பட்ட வலைப்பந்தாட்ட அணிக்கு நான் பொறுப்பாசிரியையாகி இரண்டு மாதமாகிறது. நான் சிறு வயதில் எல்லே விளையாடியதோடு சரி, இந்த விளையாட்டு எனக்குப் புதிது. பிள்ளைகள் நன்றாக ஓடுகிறார்கள், எறிகிறார்கள். ஆனால் சென்ற வாரப் பயிற்சிப் போட்டியில் பந்து கைக்கு வந்தபோதெல்லாம் கால் பிழைக்கு, அதாவது பந்தோடு கூடுதல் அடி வைத்ததற்கு, விசில் ஊதப்பட்டது. விதியைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள், பந்தைப் பிடித்ததும் மறந்துவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்? கோல் எறிவதைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய சென்டர்:
முதலில் பிள்ளைகளை மணலுக்குக் கூட்டிச் செல்லுங்கள். பந்தில்லாமலே ஓடி வந்து, ஒரு காலில் ஊன்றி நின்று, மற்றக் காலை மட்டும் நகர்த்தித் திரும்பச் சொல்லுங்கள். பிறகு குனிந்து தங்கள் சுவடுகளைத் தாங்களே பார்க்கட்டும். ஊன்றிய கால் சரியாக நின்றிருந்தால் அந்த இடத்தில் பம்பரம் சுற்றியதுபோல ஒரே ஒரு வட்டக் குழி இருக்கும், இழுபட்டிருந்தால் வால் முளைத்திருக்கும். எங்கள் அணிக்கு விதி புரிந்தது அந்த வாலைப் பார்த்த பிறகுதான். ஊன்றும்போது முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். விறைத்த காலோடு இறங்கினால் உடல் முன்னே தள்ளப்பட்டு அடுத்த அடி தானாக விழுவதோடு, முழங்காலும் கெடும். பந்தைப் பிடித்தபின் முதற்காலை, அதாவது முதலில் ஊன்றிய காலை, தூக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றடி:
மணற்பயிற்சி அருமையானது. ஆனால் கடைசி வாக்கியத்தை, மத்தியஸ்தராக நிற்பவள் என்ற முறையில், நான் ஏற்க மாட்டேன். முதற்காலைத் தூக்கலாம், தூக்கிய கால் மீண்டும் தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். வலக்காலில் இறங்கி, இடக்காலை முன்வைத்து, வலக்கால் காற்றில் இருக்கும்போதே எறிவதுதான் ஓட்டம் தடைப்படாத பாஸ். இல்லாத விதியைச் சொல்லி அதைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடாதீர்கள். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் இறங்கினால் எந்தக் காலை நகர்த்துவது என்பது அவர்கள் விருப்பம், நகராத காலே முதற்காலாகக் கொள்ளப்படும். எறிவதற்கு 3 விநாடி உண்டு. புதியவர்கள் அதை அறியாமல் பதறித்தான் பாதிப் பிழைகளைச் செய்கிறார்கள். தடுக்கும் பிள்ளை, பந்து வைத்திருப்பவரின் ஊன்றிய காலிலிருந்து 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பழக்குங்கள்.

வளையத்தடி:
கோல் எறிவதைப் பற்றிச் சொல்கிறேன். கம்பத்தின் உயரம் 3.05 மீற்றர், வளையத்தின் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர், பந்தின் விட்டமோ ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். கூடைப்பந்தாட்டத்தில் இருக்கும் பலகை இங்கே பின்னால் இல்லாததால், தட்டையாக வரும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பிவிடும். உயர எழும்பிச் செங்குத்தாக இறங்கும் பந்துக்கே வாய் அகலமாகத் திறந்திருக்கும். பந்தை விரல்களில் தலைக்கு மேலே ஏந்தி, மறுகையைப் பக்கத்தில் தொட்டும் தொடாமலும் வைத்து, முழங்காலை மடித்து நிமிர்த்தும் விசையிலேயே மணிக்கட்டால் விடச் சொல்லுங்கள். கம்பத்திலிருந்து ஓரடி தூரத்தில் தொடங்கி, பத்துக்கு எட்டு விழுந்த பின்பே அரையடி பின்னே வரவிடுங்கள். ஏறத்தாழ ஏழடி உயரமான இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை நினைத்துக்கொண்டு எல்லோரும் உயரமான பிள்ளையையே கோல் சூட்டராக நிறுத்துகிறார்கள். உயரம் பந்தைப் பிடிக்க உதவும், எறிவதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

கணித ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. இன்று மாலை மணலில் பன்னிரண்டு பிள்ளைகளை ஓடவிட்டேன். ஒன்பது சுவடுகளுக்கு வால் இருந்தது. ஒருத்தி மட்டும் இரண்டு கால்களாலும் இறங்கிவிட்டு, எதை நகர்த்துவதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். நாளை அவளிடமிருந்து தொடங்குகிறேன்.