லில்லிபாண்டில் ஸ்வரத்துக்கு அடிக்கோடு: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மாணவர்களுக்காக கர்நாடக இசை வர்ணங்களை லில்லிபாண்டில் (கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால் இசைக்குறிப்பை அச்சுக்கு அமைத்துத் தரும் மென்பொருள்) ஏற்றிக்கொண்டு வருகிறேன். இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகம்) ஒரு கோடு, மூன்றாம் காலத்துக்கு (நான்கு மடங்கு வேகம்) இரண்டு கோடு. அச்சுப் புத்தகங்களில் பெரும்பாலும் மேலேதான் கோடு இருக்கும். எங்கள் ஆசிரியர் கீழேதான் போடச் சொல்வார். வர்ணத்தில் தார ஸ்தாயிப் புள்ளி (மேல் ஸ்தாயி ஸ்வரத்தின் தலைமேல் வைப்பது) அடிக்கடி வரும், மேலே கோடும் இருந்தால் இரண்டும் மோதும் என்பது அவர் கணக்கு. அதனால் நான் பிடித்துக்கொண்டது அண்டர்லைன் கட்டளையை.

முதலில் கண்ணில் பட்டது 'ரி'. 'ச', 'ப', 'ம' எல்லாம் கோட்டுக்கு மேலே அழகாக உட்கார்ந்திருக்கும். 'ரி'யின் கால் மட்டும் கோட்டை வெட்டிக்கொண்டு கீழே போகும். சாகித்ய (பாடல் சொற்கள்) வரியில் 'மு', 'கு', 'ழ' வந்தால் இன்னும் மோசம். காரணம் இதுதான்: இந்தக் கட்டளை எழுத்தின் கீழ்விளிம்பைப் பார்ப்பதே இல்லை. எழுத்து உட்காரும் மட்டத்திலிருந்து ஆஃப்செட் எவ்வளவோ அவ்வளவு கீழே கோடு போடும். இயல்பான ஆஃப்செட் 2, அதாவது இரண்டு கோட்டுத் தடிமன். 20 பாயின்ட் ஸ்டாஃப் (ஐந்து கோட்டு இசை வரி) அளவில் அது ஒரே ஒரு பாயின்ட், சுமார் 0.35 மி.மீ. ஆங்கில எழுத்திலேயே 'ஜி', 'ஒய்' வால்கள் வெட்டுப்படும் இடம் அது. தமிழுக்கு எப்படிப் போதும்?

ஸ்கீமில் (லில்லிபாண்டுக்குள் இருக்கும் நிரல்மொழி) சொந்தமாக எழுத்தை அமைக்கும் ஒரு மார்க்அப் கட்டளை எழுதி, எழுத்தின் கீழ்விளிம்பை அளந்து அதற்குக் கீழே கோடு போட வைக்கலாம். செய்தும் பார்த்தேன். வெட்டு போய்விட்டது, ஆனால் 'ச ம ப' குழுவின் கோடு மேலேயும் 'ரி க ரி' குழுவின் கோடு கீழேயுமாக, ஒரே வரியில் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. பாடும்போது கண் கோட்டைப் பிடித்துத்தான் காலத்தைப் படிக்கிறது; அது ஆடக்கூடாது. ஆகவே அளக்கும் வேலையை விட்டுவிட்டு, இருப்பதிலேயே ஆழமாக இறங்கும் எழுத்தைப் பார்த்து ஆஃப்செட்டை 7 என்று ஒரே இடத்தில் வைத்துவிட்டேன். உங்கள் எழுத்துருவுக்கு வேறு எண் வரலாம். இயல்பான எண்ணை மாற்றும் ஓவர்ரைடு கட்டளை அண்டர்லைனுக்கு முன்னால் வரவேண்டும் என்பது முக்கியம்.

இன்னொன்று: கட்டளை தனக்கு அடுத்து வரும் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். நான்கு ஸ்வரங்களை நெளி அடைப்புக்குள் போட்டுக் கொடுத்தால்தான் இடைவெளியையும் சேர்த்து ஒரே கோடாக ஓடும்.

மந்தர ஸ்தாயிப் புள்ளிதான் (கீழ் ஸ்தாயி ஸ்வரத்துக்கு அடியில் வைப்பது) இன்னும் தீரவில்லை. அது எழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் நசுங்குகிறது. யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?

மறுமொழி 1

இரட்டைக் கோடு பற்றி மட்டும் சொல்கிறேன். லில்லிபாண்டின் 2.24 பதிப்பில் அண்டர்லைனுக்குள் இன்னொரு அண்டர்லைன் வைத்தாலே இரண்டு கோடு வந்துவிடும். இடைவெளிக்கு அண்டர்லைன்-ஸ்கிப், இயல்பாக 2. திரையில் நன்றாகத் தெரியும். நகல் எடுத்தால் இரண்டும் ஒட்டி ஒரே தடித்த கோடாகிவிடும், பிள்ளைகள் இரண்டாம் காலம் என்று நினைத்துப் பாடுவார்கள். 4 வைத்துவிடுங்கள்.

மறுமொழி 2

சிங்கப்பூரில் சீன இசைக்குழு ஒன்றில் வாசிக்கிறேன். அங்கே எங்களுக்குக் கொடுப்பது ஜியன்பு, எண்களால் எழுதும் முறை. அதிலும் ஒரு அடிக்கோடு போட்டால் காலளவு பாதி, இரண்டு போட்டால் கால். கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. ஆனால் புள்ளி நடுவில் வராது, கோடுகள் எல்லாம் முடிந்த பிறகு அவற்றுக்கும் கீழேதான். நீங்களும் அப்படி வைத்தால் என்ன?

முதல் பதிவர்

செய்துவிட்டேன், நன்றி! 'நி'யையும் புள்ளியையும் கம்பைன் கட்டளையால் ஒன்றாக்கி, இடம் நகர்த்தும் டிரான்ஸ்லேட் கட்டளை கொண்டு புள்ளியைக் கோட்டுக்குக் கீழே இறக்கினேன். பிறகு குழு முழுவதற்கும் அண்டர்லைன். கோடு எழுத்து உட்காரும் மட்டத்தை வைத்தே போடப்படுவதால், புள்ளி எவ்வளவு கீழே போனாலும் கோடு அசையவில்லை. என் பழைய ஸ்கீம் கட்டளையாக இருந்தால் புள்ளியையும் அளந்து அதற்கும் கீழே கோட்டைத் தள்ளியிருக்கும். இரட்டைக் கோடு வரும் இடங்களில் புள்ளியை இன்னும் கொஞ்சம் இறக்கவேண்டும்; அதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்துக் கோப்பின் தலையிலேயே வரையறுத்துவிட்டேன். ஆசிரியரிடம் அச்செடுத்துக் காட்டப் போகிறேன். புள்ளி எழுத்தை ஒட்டியே இருக்கவேண்டும் என்று அவர் சொன்னால் ஆஃப்செட்டைக் கூட்டி, எழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் இடம் விடவேண்டியதுதான்.